ஓட்டக் கொப்பி: எதை எழுதுவது, எப்படி வாசிப்பது

பயிற்சியை எழுதி வைப்பதால் நீள்தூர ஓட்டக்காரருக்குப் பலன் உண்டா? திரும்ப வாசிப்பவருக்கு உண்டு. எழுதிவிட்டு மூடி வைப்பவருக்குப் பேனை மைதான் செலவு. ஆகவே ஞாயிறு பின்னேரம் பத்து நிமிடம் இருந்து வாசிக்கக்கூடிய மாதிரி, ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்காத மாதிரி எழுதப் பழக வேண்டும்.

3,000, 5,000, 10,000 மீற்றர், மரதன், நீள்தூரச் சைக்கிள் எல்லாவற்றிலும் உடம்பு ஆறுதலாகத்தான் மாறும். இன்று கால் இலகுவாக ஓடுவதற்குக் காரணம் ஐந்து கிழமைக்கு முன் செய்த வேலையாக இருக்கும். இன்று முழங்கால் நோவதற்குக் காரணம் மூன்று கிழமைக்கு முன் திடீரென்று கூட்டிய தூரமாக இருக்கும். அவ்வளவு தூரம் மனம் பின்னால் போகாது. போனாலும் நல்ல நாட்களைத்தான் பொறுக்கிக்கொண்டு வரும்.

எல்லாருக்கும் இது தேவையில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டி மரதனுக்காகத் தை மாதம் மூன்று கிழமை ஓடுகிற பிள்ளை ஓடினால் போதும். கிழமைக்கு மூன்று நாளுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு மேல் ஓடப் போகிறவர் எழுதத் தொடங்கலாம்.

வன்னியில் ஓடுபவருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் குளிர் நாட்டில், பகலில் கதிரையில் இருந்து வேலை செய்கிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பங்குனி வெயில், வயல் வேலை, யானைக் காவலுக்குப் பரணில் விழித்த இரவு, கிரவல் வீதி ஒன்றும் அந்த அட்டவணையில் இல்லை. அதை உங்களுக்குப் பொருந்த வெட்டித் தைக்க வேண்டுமென்றால் அளவு வேண்டும். அந்த அளவு உங்கள் கொப்பியில்தான் இருக்கும்.

கொப்பி

80 பக்க ஒற்றை றூல் கொப்பி ஒன்று. பக்கத்துக்கு ஒரு கிழமை. ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு வரும். ஒரு நாளுக்கு மூன்று வரி ஒதுக்கி, அடியில் நான்கு வரி கிழமைக் கணக்குக்கு விடுங்கள். முதல் இரண்டு பக்கத்தை ஓடும் பாதைகளின் அளவுக்கும், கடைசி இரண்டு பக்கத்தைச் சப்பாத்துக் கணக்குக்கும் போட்டி முடிவுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் ஈரம் ஏறும். பொலித்தீன் உறை போடுங்கள். பேனையைக் கொப்பியோடு நூலில் கட்டி, சப்பாத்து வைக்கும் இடத்திலேயே வைப்பது நல்லது. தேடி எடுக்க வேண்டியிருந்தால் இரண்டாம் கிழமையிலேயே எழுதுவது நின்றுவிடும்.

ஒரு நாளுக்கு எழுத வேண்டியவை

காலையில் எழும்ப முன் நாடித்துடிப்பு. கண் விழித்ததும் படுத்தபடியே, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முதல் பத்து நாள் சும்மா எண்ணி உங்கள் வழமையைக் கண்டுபிடியுங்கள். ஒருவருக்கு 52, இன்னொருவருக்கு 66 இருக்கும். இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை. உங்கள் வழமைக்கு மேல் 7, 8 துடிப்பு இரண்டு காலை தொடர்ந்து கூடினால்தான் அது செய்தி. ஒரு நாள் மட்டும் கூடினால் முதல் நாள் இரவு பிந்திச் சாப்பிட்டதாகவும் இருக்கலாம், நுளம்புக் கடியாகவும் இருக்கலாம்.

நித்திரை எத்தனை மணித்தியாலம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் விடிய விடிய விழித்திருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

செய்த வேலை: நிமிடம் முதலில், தூரம் பிறகு. உடம்புக்குக் கிலோமீற்றர் தெரியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு கடினம் என்பதுதான் தெரியும்.

கடினப் புள்ளி, 0 முதல் 10 வரை. இதுதான் கொப்பியின் உயிர். ஓடி முடித்த உடனே போடாதீர்கள். கடைசி 400 மீற்றர் எப்படி முடிந்ததோ அதுதான் முழு ஓட்டத்துக்கும் புள்ளியாக விழுந்துவிடும். குளித்து, பிளேன்ரீ குடித்து, அரை மணித்தியாலம் கழித்து 'மொத்தத்தில் எவ்வளவு கடினம்?' என்று கேட்டுப் போடுங்கள். மூச்சை வைத்து அளவு பிடிக்கலாம். பக்கத்தில் ஓடுபவரோடு ஊர்க்கதை முழுக்கக் கதைத்துக்கொண்டு ஓட முடிந்தால் 2 அல்லது 3. சின்னச் சின்ன வசனமாக வந்தால் 4, 5. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராவிட்டால் 7. தலையாட்ட மட்டும் முடிந்தால் 9.

நிமிடத்தை இந்தப் புள்ளியால் பெருக்கினால் அன்றைய சுமை. அமெரிக்க உடற்றொழிலியலாளர் கார்ல் ஃபொஸ்டர் 1990களில் பரப்பிய முறை இது. கருவி எதுவும் வேண்டாம் என்பதால்தான் இன்றும் நிலைத்து நிற்கிறது. விலை கூடிய மணிக்கூடு இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. 2016 இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஒஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் வந்த மீளாய்வு ஒன்று, பயிற்சிச் சுமை கூடிக் குறைவதைக் காட்டுவதில், இரத்தப் பரிசோதனை, இதயத்துடிப்பு போன்ற அளவீடுகளைவிட வீரர் தானே சொல்லும் களைப்பும் மனநிலையும் கூர்மையானவை என்று கண்டது.

பிறகு தொடங்கிய நேரம், வெயில், தரை, வீட்டு வயல் வேலை, நோ. இவற்றைச் சுருக்கக் குறியாக எழுதலாம்: வெ0 (விடியல் அல்லது மந்தாரம்), வெ1 (வெயில் ஏறியது), வெ2 (சுட்டெரித்தது). தரைக்கு தார், கிர (கிரவல்), மண், புல். வேலைக்கு வே0 (வேலை இல்லை), வே1 (கொஞ்ச வேலை), வே2 (கடும் வேலை).

ஒரு கற்பனைக் கிழமையை எழுதிப் பார்ப்போம். கிளிநொச்சிப் பக்கத்து 5,000 மீற்றர் ஓட்டக்காரர் ஒருவருடைய பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

திங்கள்: நாடி 56, நித்திரை 7. ஓய்வு. வே0.
செவ்வாய்: 55, 7. இலகு 40 நிமிடம், 6.5 கி.மீ., கிர, 5.30 விடிய, வெ0. புள்ளி 3. சுமை 120.
புதன்: 56, 6½. மொத்தம் 55 நிமிடம், 9.5 கி.மீ.; 6 × 800 மீற்றர், ஒவ்வொன்றும் 3.10 அளவில், இடையில் 2 நிமிட மெல்லோட்டம். புல், வெ0. கடைசி இரண்டும் 3.14, 3.17. புள்ளி 7. சுமை 385.
வியாழன்: 57, 7. இலகு 45 நிமிடம், 7.2 கி.மீ., கிர. புள்ளி 3. சுமை 135.
வெள்ளி: 57, 7. ஓட்டமில்லை. நெல் மூட்டை ஏற்றியது 4 மணித்தியாலம், வே2.
சனி: 63, 5½. நீளம் 90 நிமிடம், 14.5 கி.மீ., தார், 6.15க்குத் தொடக்கம், வெ1. புள்ளி 4. சுமை 360. கடைசி 20 நிமிடம் கால் கல்லு மாதிரி.
ஞாயிறு: 60, 8. மெல்ல 30 நிமிடம், 4.6 கி.மீ., மண். புள்ளி 2. சுமை 60.

கிழமைச் சுமை 1,060. தூரம் 42.3 கி.மீ. கடின நாள் ஐந்தில் ஒன்று. நீள்தூர வல்லுநர்களின் பயிற்சியை அளந்த ஸ்டீஃபன் சைலர் கண்டதும் ஏறக்குறைய இதே பங்குதான்: ஐந்து ஓட்டத்தில் நான்கு இலகு, ஒன்று கடினம்.

'கடைசி இரண்டும் 3.14, 3.17' என்பதைக் கவனித்தீர்களா? சராசரியை மட்டும் எழுதியிருந்தால் அது மறைந்துபோயிருக்கும். இடைவெளிப் பயிற்சியில் ஒவ்வொரு சுற்று நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். கடைசிச் சுற்றுகள் விழுந்தால் முதல் சுற்றுகள் அளவுக்கு மீறி வேகம். அடுத்த முறை 3.13 இல் தொடங்கி ஆறையும் ஒரே நேரத்தில் முடிப்பதுதான் கூடுதல் பலன் தரும்.

வயல் வேலைக்குப் புள்ளி போட வேண்டாம்

ஓட்டத்துக்குப் போட்ட மாதிரி வேலைக்கும் நிமிடத்தைப் புள்ளியால் பெருக்கினால் கணக்கு குழம்பும். 240 நிமிடம் மூட்டை தூக்கியதற்கு 4 போட்டால் 960 வரும். அந்த ஒரு நாள் முழுக் கிழமை ஓட்டத்தையும் விழுங்கிவிடும். ஆனால் அந்த வேலை ஓட்டத்துக்கு வேண்டிய இதயத்தையோ காலையோ அந்த அளவு பழக்குவதில்லை. களைப்பை மட்டும்தான் தருகிறது. ஆகவே வே0, வே1, வே2 என்று பக்கத்தில் குறித்து, மறுநாள் ஓட்டத்தை அதன் கண்ணால் பாருங்கள். மேலே சனிக்கிழமைக் கல்லுக் காலுக்குக் காரணம் வெள்ளி மூட்டைதான். உடம்பு தளர்ந்துவிட்டது, திறமை குறைந்துவிட்டது என்று யோசித்து அடுத்த கிழமை இன்னும் கூட்டினால் அங்கேதான் காயம் தொடங்கும்.

நடைமுறை விதி ஒன்று: வே2 நாளுக்கு அடுத்த நாள் கடின ஓட்டமோ நீள ஓட்டமோ வேண்டாம். காலபோக அறுவடை தையிலிருந்து மாசி, பங்குனி வரை இழுக்கும். பாடசாலைப் போட்டிக் காலமும் அதே நேரத்தில்தான் வரும். வயலுக்குப் போகும் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் கிழமைக்கு ஒரு கடின நாளே போதும் என்பதைக் கொப்பி காட்டிக் கொடுத்துவிடும்.

வெயில்

மார்கழி, தையில் 6 கி.மீ. 36 நிமிடத்தில் இலகுவாக ஓடியவர் சித்திரையில் அதே புள்ளி 3க்கு 39 நிமிடம் எடுத்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் போகிறது. வியர்வையால் இரத்தத்தின் அளவு குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூட அடிக்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத வெயிலுக்கு உடம்பு பழக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் பிடிக்கும். பரீட்சைக்காக ஒரு மாதம் நிறுத்தியவர், குளிர் நாட்டிலிருந்து லீவில் வந்தவர் எல்லாருக்கும் இதே கணக்குத்தான். அந்த இரண்டு கிழமையும் வேகத்தைப் பார்க்காமல் புள்ளியைப் பார்த்து ஓட வேண்டும். ஒப்பிடுவதென்றால் இந்தச் சித்திரையைப் போன சித்திரையோடு ஒப்பிடுங்கள். அதற்காகவே பழைய கொப்பியை எறியக்கூடாது.

வியர்வைக் கணக்கை வருடத்தில் இரண்டு முறை, ஒரு முறை தையில், ஒரு முறை வைகாசியில், அளந்தால் போதும். சலம் கழித்துவிட்டு, உடுப்பில்லாமல் நிறை பாருங்கள். ஒரு மணித்தியாலம் ஓடுங்கள். இடையில் குடித்ததை அளந்து வையுங்கள். வந்து வியர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்ப நிறை பாருங்கள். முன் 58.4 கிலோ, பின் 57.2, குடித்தது அரை லீற்றர் என்றால் இழந்தது 1.2 உடன் 0.5 சேர்த்து மணிக்கு 1.7 லீற்றர். உடல் நிறையில் 2 வீதம் என்பது இவருக்கு 1.17 கிலோ, அதைக் கொஞ்சம் தாண்டிவிட்டார். அடுத்த முறை கால் லீற்றர் கூடக் குடிக்கலாம். இழந்தது முழுவதையும் ஓடும்போதே குடிக்க முயல வேண்டாம், வயிறு குலுங்கும். ஓடி முடித்தபோது நிறை கூடியிருந்தால் தேவைக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள். அது இரத்தத்தின் உப்பைக் குறைத்து ஆபத்தில் விடும்.

வெயில் ஓட்டத்துக்கு முன் நோக் குளிசை போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. டைக்லோபினாக், ஐபுபுரோபன் வகைக் குளிசையும் நீரிழப்பும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கூடாது. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருக்கும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. இங்கே இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். குளிசை போட்ட நாளைக் கொப்பியில் குறியுங்கள். ஒரு மாதத்தில் மூன்று நான்கு இடத்தில் தெரிந்தால் பிரச்சினை குளிசையில் தீரக்கூடியது அல்ல.

காய்ச்சல் நாளில் ஓட்டமே இல்லை. டெங்கோ எலிக்காய்ச்சலோ என்று தெரியாமல் ஓடி வியர்த்துப் போக்கலாம் என்று நினைப்பது மோசமான பிழை. வயல் சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலோடு தசைநோவும் வந்தால் 'வயலில் நின்றேன்' என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எந்த நாளில் நின்றீர்கள் என்பது கொப்பியில் இருக்கும்.

தூரம் அளப்பது

ஏ9 வீதியில் கிலோமீற்றர் கல் இருக்கிறது என்பதற்காக அங்கே ஓடாதீர்கள். விடியப்புற இரவு பஸ்களும் லொறிகளும் வரும் வேகத்துக்கு அந்த ஓரம் ஓட்டக்காரருக்கு உரியதல்ல. குளக்கட்டு, வாய்க்கால் வீதி, பாடசாலை மைதானம் நல்லது. நீங்களே அளந்து வையுங்கள்.

சைக்கிள் போதும். ரயருக்குக் காற்றை இறுக்கி அடித்து, வால்வு நிலத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, நிலத்தில் கோடு போடுங்கள். சீற்றில் ஆள் இருந்தபடி பத்துச் சுற்று நேராக உருட்டி, முடிந்த இடத்தில் கோடு போட்டு நாடாவால் அளந்து பாருங்கள். 21.9 மீற்றர் வந்தால் ஒரு சுற்று 2.19 மீற்றர். 1,000 ஐ 2.19 ஆல் பிரித்தால் ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 457 சுற்று. இனிக் குளத்துத் துருசிலிருந்து (மதகு) வான் (மிகை நீர் வழியும் இடம்) மட்டும் சக்கரச் சுற்றை எண்ணுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் துணி கட்டினால் எண்ணச் சுகம். நூறுக்கு ஒரு கல் பொக்கற்றில் போட்டுக்கொள்ளுங்கள். ஆள் இல்லாமல் உருட்டி அளந்தால் ரயர் நசியாது, சுற்று நீளமாக வரும், பாதையின் கணக்குப் பிழைக்கும்.

கைப்பேசி ஜீ.பி.எஸ். வெளியான வீதியில் பரவாயில்லை. முதிரை, பாலை அடர்ந்த காட்டு வீதியிலும் 200 மீற்றர் மைதானத்தைச் சுற்றும்போதும் பிழை கூடும். சின்ன மைதான வளைவில் வேகம் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்: அங்கே ஓடிய 5,000 மீற்றரையும் 400 மீற்றர் செயற்கைத் தளத்தில் ஓடிய 5,000 மீற்றரையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள்.

சைக்கிள்காரர் காற்றை எழுதியே ஆக வேண்டும். சோழகக் காலத்தில் மாங்குளத்திலிருந்து வவுனியாப் பக்கம் தெற்கே போகையில் காற்று முகத்திலடிக்கும், திரும்பி வர முதுகில் தள்ளும். ஒரு பக்க வேகத்தை மட்டும் எழுதினால் உங்களையே ஏமாற்றுகிறீர்கள். போக எவ்வளவு, வர எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள்.

பாதை பற்றி இரண்டு வரி. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கமும், பழக்கமில்லாத பற்றை வழியும் குறுக்குப் பாதை ஆகாது. ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கங்களில் இருட்டோடு போனால் யானை நிற்கலாம். வெளிச்சம் வந்த பிறகு, ஆளோடு ஆளாகப் போங்கள். யானை கண்ட இடத்தையும் திகதியையும் முதல் பக்கப் பாதைக் குறிப்பில் எழுதி வைத்தால் பின்னால் ஓட வருகிறவருக்கும் உதவும்.

ஞாயிறு பின்னேரம்: வாசிப்பது

முதலில் கிழமைச் சுமையைக் கூட்டி, முந்திய மூன்று கிழமையோடு வரிசையாக எழுதுங்கள்: 940, 1,010, 1,060, 760. நாலாவது கிழமை கால்வாசி அல்லது மூன்றிலொரு பங்கு குறைய வேண்டும். ஒவ்வொரு கிழமையும் மேலே போய்க்கொண்டிருந்தால் எங்காவது உடையும். 'கிழமைக்கு 10 வீதத்துக்கு மேல் கூட்டாதே' என்பது ஒரு கைக்கணக்கு, வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. 15 கி.மீ. ஓடுபவருக்கு 10 வீதம் ஒன்றரைக் கிலோமீற்றர், தேவையில்லாத கஞ்சத்தனம். 80 ஓடுபவர் அதே விதியை நான்கு கிழமை பிடித்தால் 117 இல் நிற்பார், அது அளவு கடந்தது.

இரண்டாவது, ஏழு நாள் சுமையையும் மேலிருந்து கீழே பாருங்கள். 120, 385, 135, 0, 360 என்று ஏறி இறங்குகிறதா, அல்லது 200, 210, 190, 220 என்று தட்டையா? தட்டையான கிழமைதான் ஆளைச் சோர்த்துவிடும். இலகு நாளைக் கூட்டாளியோடு போட்டி போட்டு ஓடுவது, கடின நாளில் கால் வராமல் போவது, இரண்டும் நடுவில் வந்து சந்திக்கின்றன. இலகு நாளில் புள்ளி 5 தெரிந்தால் அந்தக் கூட்டாளியை மாற்றுங்கள், அல்லது அவருக்குப் பின்னால் ஓடுங்கள்.

மூன்றாவது, நாடி, நித்திரை, புள்ளி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நாடி கூடி, நித்திரை குறைந்து, இலகு ஓட்டத்துக்குப் புள்ளி ஏறினால் அடுத்த கிழமை கடின நாளை எடுத்துவிட்டு இலகுவாக ஓடுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் மாறினால் திட்டத்தை மாற்ற வேண்டாம்.

நாலாவது, மாதத்துக்கு ஒரு முறை ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே புள்ளியில் 30 நிமிட ஓட்டம். புள்ளி 4 இல் ஓடி எவ்வளவு தூரம் போனீர்கள் என்று எழுதுங்கள். நின்ற உடனே 15 விநாடி நாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். தூரம் கூடினாலும், நாடி முன்பைவிட வேகமாக இறங்கினாலும் பயிற்சி வேலை செய்கிறது. 220 இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்புக் கண்டுபிடிக்கும் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புப் பிழைக்கும். அதை வைத்து இலகு, கடினம் என்று துடிப்பு வலயம் பிரிக்க வேண்டாம்.

பிறகு அடுத்த கிழமைக்கு ஒரே ஒரு மாற்றத்தை எழுதுங்கள். ஒன்றுதான். தூரத்தையும் வேகத்தையும் சப்பாத்தையும் ஒரே கிழமையில் மாற்றினால் எது பலன் தந்தது, எது காலைக் கெடுத்தது என்று கொப்பிக்கும் தெரியாது.

உளைவு வேறு, நோ வேறு

இரண்டு காலும் பொதுவாக உளைவது பயிற்சியின் கூலி. இரண்டு மூன்று நாளில் போகும். ஒரு பக்கம், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வருவது நோ. அதற்கு நான்கு விசயம் எழுதுங்கள்: எந்தக் கால், எந்த இடம், 10 இல் எவ்வளவு, எப்போது (தொடக்கத்தில் வந்து சூடேறப் போனதா, நடுவில் வந்ததா, மறுநாள் காலை முதல் அடியிலா). குதிக்காலில் காலை முதல் அடி குத்துவதும், ஓட ஓடக் கூடுகிற முழங்கால் நோவும் வெவ்வேறு பிரச்சினை. இந்தக் குறிப்பு இல்லாமல் வைத்தியரும் ஊகிக்கத்தான் வேண்டும்.

ஒரே இடம் பத்து நாளுக்குள் மூன்று முறை எழுதப்பட்டால் ஓட்டத்தை நிறுத்தி மூன்று நாள் சைக்கிளுக்கு மாறுங்கள். கீழ்க்காலின் முன் எலும்பில் ஒரு புள்ளியை அமத்தினால் துள்ளிப் போகிற மாதிரி நொந்தால், அல்லது இரவிலும் நொந்தால், எலும்பில் வெடிப்பாக இருக்கலாம். அதற்கு வைத்தியசாலை.

காரணம் தேட, நோத் தொடங்கிய நாளிலிருந்து 21 நாள் பின்னால் வாசியுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்று இருக்கும்: நீள ஓட்டம் 12 இலிருந்து 18 கி.மீ.க்குத் தாவியது, மண்ணிலிருந்து தாருக்கு மாறியது, புதுச் சப்பாத்து, ஒரே ஓரத்தில் ஓடியது. தார் வீதி நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருக்கும். எப்போதும் வலப்பக்கமாகவே போய் வந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுகிறது. சப்பாத்து 500 முதல் 800 கி.மீ. வரைதான் தாங்கும், கிரவலில் இன்னும் குறையும். கடைசிப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு வாருங்கள். வெறுங்காலோடு ஓடும் பிள்ளை சப்பாத்துக்கு மாறினாலும் இரண்டு கிழமை இலகு நாட்களில் மட்டும் போட்டுப் பழக வேண்டும்.

பெண் பிள்ளைகள் மாதவிடாய்த் திகதியையும் தங்களுக்கு விளங்கும் ஒரு குறியால் போடுவது நல்லது. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் பொதுவான அடையாளம் அது, எலும்பும் பலவீனப்படும். 'நன்றாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வைத்தியரைக் காணுங்கள்.

வயது ஏறியவர்களுக்கும் கொப்பி கூடுதலாக உதவும். முள்ளியவளை அகிலத்திருநாயகி 2023 இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் பதக்கங்களோடு திரும்பிய பிறகு ஓடத் தொடங்கியவர்கள் பலர் இருக்கக்கூடும். ஐம்பதைத் தாண்டியவருக்குக் கடின நாளுக்கும் கடின நாளுக்கும் இடையில் இரண்டு நாளா மூன்று நாளா வேண்டும் என்பதைப் பொதுவிதி சொல்லாது. நாடியும் புள்ளியும் பழைய நிலைக்கு வர எத்தனை நாள் எடுத்தது என்று இரண்டு மாதம் எழுதினால் தெரியும்.

கைப்பேசி

ஸ்ட்ராவா போன்ற செயலி தூரத்தைத் தானே எழுதும். நித்திரையும் மூட்டையும் யானைக் காவலும் அதற்குத் தெரியாது. இரண்டையும் வைத்திருப்பவர் செயலியிலிருந்து நிமிடத்தையும் தூரத்தையும் மட்டும் கொப்பிக்கு எடுத்தால் போதும். செயலியில் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் அமைப்பை முதலில் போடுங்கள், குறிப்பாகத் தனியே ஓடும் பெண்கள். 2018 தையில் ஸ்ட்ராவாவின் வரைபடம் பல நாட்டு இராணுவ முகாம்களின் அமைப்பையே வெளிக்காட்டிச் செய்தியானது; உங்கள் படலையைக் காட்ட அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

முப்பது பிள்ளைகளும் ஒரு பயிற்றுநரும்

ஒவ்வொரு பிள்ளைக்கும் கொப்பி கேட்டால் நடக்காது. ஒரு பெரிய தாளில் பெயர் நிரலாக, நாள் வரிசையாகக் கோடு கீறி, வந்ததும் நித்திரை மணித்தியாலத்தையும் போக முன் புள்ளியையும் பிள்ளைகளே எழுதட்டும். அரை மணித்தியாலம் காத்திருக்க முடியாவிட்டால் உடல் தளர்த்தி முடித்த பிறகாவது கேளுங்கள். நீங்கள் 3 என்று நினைத்துக் கொடுத்த ஓட்டத்துக்குப் பாதிப் பிள்ளைகள் 6 போட்டால் திட்டம் பிழை. ஒரு பிள்ளை மட்டும் போட்டால் அந்தப் பிள்ளையோடு கதையுங்கள்: காலைச் சாப்பாடு சாப்பிட்டதா, வீட்டில் என்ன வேலை, எவ்வளவு தூரம் நடந்து வந்தது? 6 போட்ட பிள்ளையை ஒரு முறை ஏசினால் அடுத்த நாளிலிருந்து எல்லாரும் 3 தான் போடுவார்கள். தாள் அன்றோடு செத்தது.

கொப்பி கெடுகிற வழிகள்

ஞாபகத்திலிருந்து ஞாயிறன்று ஏழு நாளையும் நிரப்புவது முதல் வழி. விட்டுப்போன நாளை வெறுமையாக விடுங்கள். கற்பனை எண்ணைவிட வெறுமை மேல். இரண்டாவது, நிரல் கூட்டுவது. மூன்று மாதத்தில் ஒரு முடிவைக்கூட மாற்றாத நிரலை வெட்டிவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: கொப்பிக்காக ஓடுவது. ஞாயிறு 48 கி.மீ.யில் நிற்கிறது, 50 ஆக்க இருட்டில் இன்னும் இரண்டு. இங்கிலாந்தின் மரதன் வீரர் ரொன் ஹில் 1964 மார்கழியிலிருந்து 2017 தை வரை ஒரு நாளும் விடாமல், ஒரு மைலாவது ஓடினார். நெஞ்சு நோவு வந்த பிறகே நிறுத்தினார். வியக்கலாம். பின்பற்ற வேண்டியதில்லை. 'ஓய்வு' என்ற சொல் கிழமைக்கு ஒரு முறையாவது உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போட்டிக்கு முன்னும் பின்னும்

போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் தொடங்கித் தூரத்தைப் படிப்படியாகப் பாதியளவுக்கு இறக்குங்கள். வேகத்தையும் ஓடும் நாட்களையும் அதிகம் குறைக்காதீர்கள். மேலே காட்டியவர் 42 கி.மீ.யிலிருந்து முதலில் 30, பிறகு 20 என்று வரலாம். புதன்கிழமை 6 × 800 ஐ 3 × 800 ஆக்கி, அதே 3.10 இல் ஓடலாம். அந்தக் கிழமைகளில் கால் துருதுருக்கும், வேலை போதாது போல இருக்கும். கொப்பியின் பழைய பக்கங்களைப் புரட்டினால் எவ்வளவு செய்திருக்கிறீர்கள் என்று தெரியும், கூட்ட வேண்டாம்.

போட்டி முடிந்த அன்றே கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்: சுற்று நேரங்கள், தொடங்கிய நேரம், வெயில், என்ன சாப்பிட்டு எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு ஓடினீர்கள், எந்த இடத்தில் கால் விழுந்தது. 5,000 மீற்றரில் முதல் கிலோமீற்றர் 3.35, நாலாவது 4.05 என்றால் அடுத்த மாதப் பயிற்சியில் தொடக்கத்தை அடக்கிப் பழகுவதுதான் முதல் வேலை.

முடிந்த கொப்பியைத் தரையிலோ மண் சுவரோடு சாய்த்தோ வைக்காதீர்கள். ஒரு மாரிக்குள் கறையான் சித்திரை, வைகாசி இரண்டையும் தின்றுவிடும். மூடியுள்ள பிஸ்கற் ரின்னில் போட்டு, இரண்டு வேப்பிலைக் காம்போடு அலுமாரி மேல் தட்டில் வையுங்கள்.